வீட்டில் செய்யும் பயிற்சி வீண்தானா? அட்டெண்ட் ஆய்வும் அம்மாவின் வலது கையும்

குற்றாலச்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. ஏழு வாரத்துக்கு முன் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பாயிலிருந்து எழ முயன்றபோது வலது கையும் காலும் வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பக்கவாதம். நாங்கள் பதறிப்போய் நிற்க, பக்கத்து வீட்டு மாமா வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி அம்மாவின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தார். நல்ல மனசோடுதான் செய்தார். அதில் அரை மணி நேரம் போனது. முதலில் போன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இல்லை. அடுத்த ஊருக்குப் போய் சிடி எடுத்து, "ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான்" என்று சொல்லும்போது மதியம் ஆகிவிட்டது. எப்போது தொடங்கியது என்று தெரியாததால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது என்றார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிசியோ இரண்டு முறை வந்து சில பயிற்சிகளைக் காட்டிக்கொடுத்து, "தினமும் நீங்களே செய்துவிடுங்கள் அம்மா" என்று சொல்லிப் போனார்.

நானும் தம்பியும் முறை வைத்துச் செய்கிறோம். கால் பரவாயில்லை, சுவரைப் பிடித்து நடக்கிறார். கைதான் கவலை. முப்பது வருடம் பீடி சுற்றிய கை அது. கண்ணை மூடிக்கொண்டே இலையை உருட்டி நூல் கட்டும் கை. இப்போது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக விரிகின்றன, அவ்வளவுதான்.

போன வாரம் ராத்திரி தூக்கம் வராமல் தேடிக்கொண்டிருந்தபோது இந்தியாவிலேயே நடந்த ஓர் ஆய்வைப் பார்த்தேன். பெயர் அட்டெண்ட். குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி கொடுத்த குடும்பங்களில் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் சேர்த்து 47%. கொடுக்காத குடும்பங்களிலும் 47%.

அன்றிலிருந்து அம்மா கையைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த 47 கண்முன் வந்து நிற்கிறது. நாங்கள் செய்வது வீண்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணும்எழுத்தும்:

வணக்கம் சகோதரி. நான் மருத்துவர் இல்லை. ஆய்வுப் புள்ளிவிவரம் பார்ப்பது என் தொழில். என் அப்பாவுக்கும் பக்கவாதம் வந்ததால் இந்த ஆய்வை வரி வரியாகப் படித்திருக்கிறேன்.

2017-ல் லான்செட் இதழில் வந்தது. இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். இந்தியத் தரப்பில் முன்னின்று நடத்தியவர் லூதியானா சிஎம்சியின் ஜெயராஜ் துரை பாண்டியன். ரொம்ப ஒழுங்காக நடந்த ஆய்வு. நீங்கள் சொன்ன எண் சரி. ஆனால் அந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் வழக்கமான சிகிச்சை. இன்னொரு பக்கம் அதே வழக்கமான சிகிச்சையோடு, குடும்பத்தில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியிலேயே முறைப்படி பயிற்சி தொடங்கி வீட்டில் இரண்டு மாதம் வரை தொடர்வது. கவனியுங்கள், வழக்கமான சிகிச்சை என்றால் ஒன்றுமே செய்யாமல் படுக்க வைப்பது இல்லை. அந்தக் குடும்பங்களிலும் மகளும் மருமகளும் மனைவியும் இருந்தார்கள். அவர்களும் கையைக் காலை அசைத்துவிட்டிருப்பார்கள், நடக்க வைத்திருப்பார்கள். நம் ஊரில் எந்த வீட்டில் சும்மா விடுவார்கள்? ஆகவே அந்த ஆய்வு கேட்ட கேள்வி, "இந்தக் கூடுதல் பயிற்சித் திட்டத்தால் மேலும் பலன் உண்டா?" என்பது. அதற்குப் பதில் இல்லை என்று வந்தது. "வீட்டில் பயிற்சி செய்யலாமா, வேண்டாமா?" என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை.

இன்னொன்று, அளவுகோல். பக்கவாதம் வந்தவர் எவ்வளவு பிறரைச் சார்ந்திருக்கிறார் என்று அளக்க அந்த ஆய்வில் பயன்படுத்திய ராங்கின் அளவுகோல் 0 முதல் 6 வரை. அதில் 3 என்றால் நடப்பார், ஆனால் சில வேலைகளுக்கு உதவி வேண்டும். 6 என்றால் மரணம். 3-லிருந்து 6 வரை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு எண்ணியதுதான் அந்த 47%. உங்கள் அம்மாவின் பெருவிரல் விரிவது இந்த அளவுகோலில் தெரியவே தெரியாது. அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

அதே சமயம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பலன் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கி, இல்லை என்று வந்ததை அப்படியே வெளியிட்டார்கள். அதை நாம் நமக்குச் சாதகமாக வளைத்துப் படிக்கக் கூடாது. சிகிச்சையாளர் செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் இறக்கி வைத்துவிட்டால் போதும் என்று யாரும் கணக்குப் போட முடியாது என்பதற்கு அந்த ஆய்வு நல்ல சான்று.

நடைவண்டி:

பிசியோதெரபிஸ்டாகப் பதினாறு வருடம் வேலை பார்க்கிறேன். தங்கச்சி, முதலில் ஒரு நல்ல செய்தி. ஏழாவது வாரத்தில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக விரிகின்றன என்றீர்கள். அது எங்களுக்கு நம்பிக்கை தரும் அடையாளம். விரலை நீட்டவே முடியாதவர்களுக்கு வேலை கடினம். உங்கள் அம்மாவிடம் பிடித்துக்கொள்ள ஒரு நுனி இருக்கிறது.

இப்போது காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் ட்ரோமெரிக் என்ற மருத்துவர் குழு 72 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2021-ல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக 20 மணி நேரம் கைப் பயிற்சி. சிலருக்கு முதல் 30 நாளுக்குள், சிலருக்கு இரண்டு மூன்று மாதத்தில், சிலருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு, சிலருக்குக் கூடுதல் எதுவும் இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கை நன்றாகத் தேறியவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் செய்தவர்கள். 57 மதிப்பெண் கொண்ட கைச் சோதனையில், கூடுதல் பயிற்சி பெறாதவர்களைவிட ஏறக்குறைய 7 மதிப்பெண் கூடுதல். ஆறு மாதத்துக்குப் பிறகு அதே 20 மணி நேரம் செய்தவர்களுக்குக் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் எலியில் பார்த்ததும் நாங்கள் வார்டில் பார்ப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. நீங்கள் இப்போது அந்தக் காலத்துக்குள்தான் நுழைகிறீர்கள். துவண்டுபோகிற நேரம் இது இல்லை.

என்ன செய்வது? நீங்கள் அம்மா கையைப் பிடித்து மேலே கீழே அசைத்துவிடுவது மூட்டு இறுகாமல் இருக்க உதவும். அதனால் மூளை புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. அம்மா தானாக முயல வேண்டும், அதுவும் அவருக்கு அர்த்தமுள்ள ஒரு வேலையைச் செய்ய முயல வேண்டும். அம்மா பீடி சுற்றியவர் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சட்டென்று தோன்றியது. புகையிலைத் தூள் வேண்டாம். வெட்டிய பீடி இலை மட்டும் ஒரு கட்டு எடுங்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், அம்மாவுக்குத் தெரியும் எவ்வளவு பதம் என்று. சுளகை மடியில் வைத்து, இலையை ஒவ்வொன்றாக வலது கையால் எடுத்து இடது பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அதுதான் முதல் படி, உருட்டுவதெல்லாம் அப்புறம். ஒரு வேளைக்கு ஐம்பது இலை. நோட்டில் எண்ணிக்கை எழுதுங்கள். நாளைக்கு ஐம்பத்தைந்து.

எண்ணிக்கைதான் முக்கியம். பத்துத் தடவை அசைத்துவிட்டு ஓய்ந்தால் பலன் தெரியாது. நூற்றுக்கணக்கில் போக வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பாதித்த கையைக் கட்டாயமாகப் பயன்படுத்த வைப்பது. 2006-ல் வெளியான எக்சைட் என்ற ஆய்வில் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, விழித்திருக்கும் நேரத்தில் 90% உறை போட வைத்து இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பலன் ஒரு வருடம் கழித்தும் இருந்தது. விரலும் மணிக்கட்டும் ஓரளவு நீட்ட முடிந்தவர்களுக்கு மட்டும்தான் இது. விழுந்துவிடும் அபாயமும் உண்டு. நேரில் ஒரு பிசியோ பார்த்துச் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

கண்ணாடி வைத்துச் செய்யும் பயிற்சி தெரியுமா? ஒரு சின்னக் கண்ணாடியை மேசையில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, வலது கையை அதற்குப் பின்னால் மறைத்து, இடது கையை முன்னால் அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்க்க வேண்டும். வலது கை அசைவது போலத் தெரியும். இந்த யோசனை மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரனுடையது, நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கை துண்டிக்கப்பட்டவர்களின் வலிக்காக முதலில் செய்தார். 1999-ல் அவர் குழுவே பக்கவாதத்துக்கும் முயன்றது, ஒன்பது பேரை வைத்து. 2018-ல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு, கை அசைவுக்கு இதனால் பலன் உண்டு என்றது. நூறு இருநூறு ரூபாய்க் கண்ணாடி போதும்.

கடைசியாக ஒன்று. எழுப்பும்போதும் உட்கார வைக்கும்போதும் வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். தசை தளர்ந்திருக்கும்போது தோள் மூட்டு சட்டென்று நழுவிவிடும். அந்த வலி வந்துவிட்டால் அம்மா கையை அசைக்கவே விட மாட்டார். இடுப்பைச் சுற்றித் துண்டு கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள்.

குற்றாலச்சாரல்:

நடைவண்டி அண்ணா, சுளகைப் பற்றி எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். நாளைக்கே தொடங்குகிறேன். தோளைப் பற்றி யாருமே சொல்லவில்லை. தம்பி இத்தனை நாளும் அக்குளில்தான் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தான்.

மண்சட்டி:

எண்ணும்எழுத்தும் சாருக்கு ஒரு கேள்வி. "குடும்பத்தின் தலையில் இறக்கக் கூடாது" என்கிறீர்கள். சரி. அப்படியானால் வேறு யார் தலையில் இறக்குவது? எங்கள் ஊரிலிருந்து பிசியோ இருக்கும் இடத்துக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். மாமியாரைத் தூக்கி பஸ்ஸில் ஏற்ற முடியுமா? ஆட்டோவுக்கு ஒரு நடைக்கு அறுநூறு ரூபாய். வாரம் மூன்று நாள் என்றால் எங்கள் வீட்டு அரிசிச் செலவைத் தாண்டிவிடும். எங்களுக்குக் குடும்பம்தான் ஆஸ்பத்திரி. அதற்கும் பலன் இல்லை என்று ஆய்வு சொல்லிவிட்டால் நாங்கள் எங்கே போவது?

எண்ணும்எழுத்தும்:

நீங்கள் சொல்வது உண்மை, மறுக்கவில்லை. என் கவலை வேறு. "குடும்பமே பார்த்துக்கொள்ளும்" என்பது ஒரு கொள்கையாக மாறினால், அந்தக் குடும்பத்துக்குள் அதைச் செய்வது யார்? ஒரு பெண். வேலையை விட்டுவிட்டுச் செய்வார். என் அப்பாவுக்கு என் அக்கா அப்படித்தான் செய்தாள், தையல் வேலையை நிறுத்திவிட்டு மூன்று வருடம். அவளுக்கு முதுகுவலி வந்தது, அதை எந்த ஆய்வும் எண்ணவில்லை. ஆகவே அந்த 47%-ஐக் காட்டி நாம் கேட்க வேண்டியது, வீட்டு வாசலுக்கு வரும் பிசியோ.

மண்சட்டி:

கேட்க வேண்டும்தான். ஆனால் கேட்டு வரும்வரை மாமியார் கை காத்திருக்காதே. நடைவண்டி சொன்ன மூன்று மாதக் கணக்கு உண்மையென்றால் எங்களுக்கு நேரமே இல்லை.

நடைவண்டி:

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரை மட்டுமில்லை, வீட்டுக்கே வந்து பார்க்கும் பிசியோவும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதியுங்கள். ஒரு பிசியோவுக்குப் பல ஊர் இருக்கும், அடிக்கடி வர முடியாது. ஆனால் அவர் வரும் நாளில் "இந்த மாதம் எதை மாற்றிச் செய்வது" என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் இடைப்பட்ட நாட்களை நீங்கள் ஓட்டிவிடலாம்.

இரவுப்பணி:

நான் செவிலியர், பக்கவாத வார்டில் இருந்திருக்கிறேன். எல்லோரும் கை, கால் என்று பேசுகிறீர்கள். தொண்டையைப் பற்றி யாரும் பேசவில்லை.

பக்கவாதம் வந்தவருக்கு முதல் நாளில் ஆசையாக ஒரு மடக்கு காபி கொடுப்பார்கள். அது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சிலருக்கு இருமல்கூட வராது. மூன்றாம் நாள் காய்ச்சல், நிமோனியா. அடைப்பிலிருந்து தப்பியவரை இது கொண்டுபோய்விடும்.

2011-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் 19 பக்கவாத வார்டுகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். முன்னின்று நடத்தியவர் சாண்டி மிடில்டன் என்ற செவிலியர் பேராசிரியை. புது மருந்து எதுவும் கிடையாது. காய்ச்சல் வந்தால் உடனே குறைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே வாயில் எதையும் கொடுப்பது. இந்த மூன்றையும் செவிலியர்கள் முறைப்படி முதல் மூன்று நாள் செய்தார்கள். 90 நாள் கழித்து, இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் அந்த வார்டுகளில் 42%. மற்ற வார்டுகளில் 58%.

நான் இதைப் படித்த நாளை மறக்க மாட்டேன். நூறு பேரில் பதினாறு பேர்! ஒரு தெர்மாமீட்டர், ஒரு குளுக்கோமீட்டர், ஒரு தம்ளர் தண்ணீர். அடுத்த ஷிஃப்டில் முதல் படுக்கையில் இருந்த தாத்தாவை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, குரல் களகளவென்று மாறுகிறதா என்று காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். மாறியது. வெளியே தூக்குவாளியில் கஞ்சியோடு நின்ற மகனிடம் "இப்போது வேண்டாம் அண்ணா, டாக்டர் பார்க்கட்டும்" என்றேன். கோபப்பட்டார். நாலு நாள் குழாய் வழியாக உணவு போனது. அதற்குப் பிறகு அதே மகன் கையால் கஞ்சி குடித்தார்.

குற்றாலச்சாரல், அம்மா சாப்பிடும்போது இருமுகிறாரா? குடித்த பிறகு குரல் மாறுகிறதா? அப்படியானால் படுத்தபடி எதுவும் கொடுக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்:

முதல் இரண்டு வாரம் தண்ணீர் குடிக்கும்போது இருமினார் அக்கா. இப்போது இல்லை.

வடமராட்சி:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் இதைப் பாரிசவாதம் என்று சொல்லுவோம். என்ர அப்பாவுக்கு வந்தது அடைப்பு இல்லை, மூளைக்குள்ள ரத்தக் கசிவு. பிரஷர் 210-க்கு மேல இருந்தது. இங்கே எல்லாரும் அடைப்பைப் பற்றித்தான் கதைக்கிறீங்கள். கசிவுக்கு ஒரு ஆராய்ச்சியும் இல்லையா? அப்பாவுக்கு இப்ப எட்டு மாதம். நடக்கிறார், ஆனால் கதைக்க ஏலாது. "ஓம்" என்றும் "சரி" என்றும் மட்டும் சொல்லுவார். இனி வராது என்று சொல்லிவிட்டினம்.

ஆறாவதுமாடி:

நரம்பியல் துறையில் பட்டமேற்படிப்பு மாணவன். இரண்டு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன், டூட்டி முடிந்து இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

வடமராட்சி அண்ணா, கசிவுக்கு ஆய்வு இருக்கிறது, அதில் உங்கள் நாடும் இருக்கிறது. 2023-ல் வெளியான இன்டராக்ட் 3 ஆய்வில் 10 நாடுகளின் 121 மருத்துவமனைகளில் 7036 பேர். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், வியட்நாம், நைஜீரியா எல்லாம் உண்டு. இரவுப்பணி அக்கா சொன்னதன் உறவுக்கார ஆய்வு என்றே சொல்லலாம். மேல் ரத்த அழுத்தத்தை வேகமாக 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரை, காய்ச்சல், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால் அதன் விளைவை உடனே மாற்றுவது. இவற்றைத் தனித்தனியாக இல்லாமல் ஒரே தொகுப்பாகச் செய்தபோது மோசமான விளைவுக்கான வாய்ப்பு சுமார் 14% குறைந்தது. பல வருடம் "கசிவென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கைகட்டி நின்ற இடத்தில் வந்த முடிவு இது.

அப்பாவின் பேச்சைப் பற்றி. அவருக்கு நீங்கள் சொல்வது புரிகிறதா? புரிகிறதென்றால் நம்பிக்கையை விட வேண்டாம். 2017-ல் ஜெர்மனியில் 19 மையங்களில் 156 பேரை வைத்து ஓர் ஆய்வு. எல்லோருக்கும் பக்கவாதம் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது, எழுபது வயதுக்கு உட்பட்டவர்கள். வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி. அன்றாடப் பேச்சில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது, ஆறு மாதம் கழித்தும் நிலைத்தது. பயிற்சிக்காகக் காத்திருந்த மூன்று வாரத்தில் அதே முன்னேற்றம் வரவில்லை. வாரம் பத்து மணி நேரம் என்பதுதான் சூட்சுமம். நம் ஊர்களில் வாரம் அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. வீட்டில் எட்டுப் பத்துப் புகைப்படம், தேவாரமோ பழைய பாட்டோ அவர் மனப்பாடமாக அறிந்தது, இவற்றோடு தினமும் உட்காருங்கள். பேச முடியாதவர்கள் சிலர் பாடிவிடுவார்கள்.

குற்றாலச்சாரல் அக்கா, நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் முதல் பதிவில் அந்தக் காலை நேரம் இருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறேன்.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் அந்த ஊசியின் கதை 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வோடு தொடங்குகிறது. 624 பேர், மூன்று மணி நேரத்துக்குள். ஊசி போட்டவர்கள் மூன்று மாதத்தில் ஊனமின்றியோ மிகச் சிறிய குறையோடோ தேறும் வாய்ப்பு, போடாதவர்களுக்கு இருந்ததைவிடக் குறைந்தது 30% கூடுதல். அதே ஊசியால் மூளையில் கசிவு ஏற்பட்டு நிலைமை மோசமானவர்களும் உண்டு, 6.4%, போடாதவர்களில் 0.6%. அதனால்தான் நேரக் கணக்கில் இவ்வளவு கறார். 2008-ல் அது நாலரை மணி நேரமானது. தூக்கத்தில் வந்தவர்களுக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. அம்மா ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார் என்றால் காலை ஆறுக்கே எட்டு மணி நேரம் ஆகிவிட்டது. விரலில் ஊசி குத்தி வீணான அரை மணி நேரம் இல்லாவிட்டாலும் அன்று பெரும்பாலான இடங்களில் இதே பதில்தான் கிடைத்திருக்கும். தயவுசெய்து அந்த அரை மணி நேரத்தைத் தலையில் சுமக்காதீர்கள்.

ஆனால் இது மாறிக்கொண்டு வருகிறது. 2018-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், எப்போது தொடங்கியது என்று தெரியாதவர்களை, பெரும்பாலும் விழிக்கும்போதே பக்கவாதம் இருந்தவர்களை, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வகைப் படத்தில் பாதிப்பு தெரிந்து, இன்னொரு வகைப் படத்தில் இன்னும் தெரியாவிட்டால் அது புதிது என்று பொருள். அப்படிப்பட்ட 503 பேரில் ஊசி போட்டவர்களில் 53.3% பேர் நன்றாகத் தேறினார்கள், போடாதவர்களில் 41.8%. அதே ஆண்டில் டான் என்ற ஆய்வு, பெரிய ரத்தக்குழாய் அடைத்தவர்களுக்கு 6 முதல் 24 மணி நேரம் வரைகூடக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கலாம் என்று காட்டியது. ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளை மிச்சம் இருந்தவர்கள் மட்டும்தான். அவர்களில் 49% பேர் பிறர் உதவியின்றி வாழ்ந்தார்கள், எடுக்காதவர்களில் 13%. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எங்கள் துறையில் அபூர்வமாகத்தான் பார்ப்போம்.

இழையைப் படிக்கும் எல்லோருக்கும்: வாய் கோணல், கை தொய்வு, பேச்சுக் குழறல், திடீர்த் தள்ளாட்டம், பார்வை மங்கல். இதில் ஒன்று வந்தாலும் 108. அழைக்கும்போதே "பக்கவாதம் போலத் தெரிகிறது, சிடி ஸ்கேன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்" என்று சொல்லுங்கள். விரலில் குத்துவதால் மூளையில் உள்ள அடைப்பு ஒரு நூல்கூட நகராது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன. ஸ்கேன் பார்ப்பதற்கு முன் ஆஸ்பிரினும் கொடுக்க வேண்டாம், கசிவாக இருந்தால் ஆபத்து.

மண்சட்டி:

டாக்டர் தம்பி, மாமியாருக்குப் புறா ரத்தம் தேய்த்தோம். இப்போதும் வாரம் ஒரு முறை தேய்க்கச் சொல்கிறார்கள்.

ஆறாவதுமாடி:

வேண்டாம் அக்கா. எந்தப் பலனும் இல்லை. தோலில் புண் இருந்தால் கிருமி தொற்றும். எண்ணெய் தேய்த்து மென்மையாகத் தடவுவது மனசுக்கு இதமாக இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள், தோளை மட்டும் திருகாமல். அந்த அரை மணி நேரத்தில் மாமியாரைத் தானாகக் கையை அசைக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

இடக்கைஎழுத்து:

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன். இன்று எழுதுகிறேன். எனக்கு 44 வயதில் வந்தது, நாலு வருடம் ஆகிறது. இடது கையால் தட்டுகிறேன், அதனால் சுருக்கமாக.

ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றும் வராது என்று எனக்கும் சொன்னார்கள். பதினாலாவது மாதம் சட்டைப் பித்தானைப் போட்டேன். மேல் பித்தான் இல்லை, மூன்றாவது. பத்து நிமிடம் ஆனது. யாரையும் கூப்பிடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு கேள்வி. மூளை தேற உதவும் என்று மன அழுத்த மாத்திரை ஃப்ளூஆக்சிடின் கொடுத்தார்கள். ஒரு வருடம் சாப்பிட்டேன். உண்மையில் உதவுமா?

ஆறாவதுமாடி:

உங்கள் மூன்றாவது பித்தானைப் பற்றி நாளைக்கு வார்டில் நாலு பேரிடம் சொல்லப்போகிறேன் சார்.

ஃப்ளூஆக்சிடின் கதை: 2011-ல் பிரான்சில் 118 பேரை வைத்துச் செய்த ஆய்வில் கை கால் அசைவு நன்றாக முன்னேறியது. உலகம் முழுக்க எழுதத் தொடங்கினார்கள். பிறகு 2018-ல் பிரிட்டனில் 3127 பேரை வைத்து ஃபோகஸ் என்ற பெரிய ஆய்வு. ஆறு மாதம் கொடுத்தும் செயல்திறனில் வித்தியாசம் இல்லை. மனச்சோர்வு குறைந்தது, ஆனால் எலும்பு முறிவு கூடியது, 1.5% இருந்த இடத்தில் 2.9%. ஆகவே கை கால் தேறுவதற்காக மட்டும் அதை இப்போது கொடுப்பதில்லை. மனச்சோர்வுக்கு என்றால் வேறு கணக்கு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்து தேவைப்பட்டால் வெட்கப்படாமல் சாப்பிட வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நடைவண்டி:

ஆறு மாதம் பற்றி. நான் மேலே சொன்ன 72 பேர் ஆய்வை வைத்து யாரும் "ஆறு மாதத்துக்குப் பிறகு கதவு மூடிவிட்டது" என்று முடிவு செய்ய வேண்டாம். அங்கே கொடுத்தது 20 மணி நேரம். லண்டன் குவீன் ஸ்கொயரில் நிக் வார்ட் குழு, வந்து பல மாதம், பல வருடம் ஆனவர்களுக்கு மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப் பயிற்சி கொடுத்தது. 224 பேரின் விவரத்தை 2019-ல் வெளியிட்டார்கள். கை தேறியது, ஆறு மாதம் கழித்தும் தேறியபடியே இருந்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லை என்பது அதன் குறை. ஆனாலும் என் அனுபவம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. பிந்தினால் அதிக உழைப்பு வேண்டும்.

அதற்காக முதல் நாளிலேயே போட்டுப் புரட்டவும் கூடாது. அவெர்ட் என்று 2015-ல் 2104 பேரை வைத்து ஓர் ஆய்வு. 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடக்க வைத்தவர்களில் நன்றாகத் தேறியவர்கள் 46%, வழக்கம்போல நிதானமாகச் செய்தவர்களில் 50%. நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தது தலைகீழாக வந்தது. அதன் பிறகு நான் முதல் நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுப்புகிறேன்.

குற்றாலச்சாரல்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். யாரும் மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நோட்டு போட்டிருக்கிறோம். முதல் நாள் அம்மா எடுத்த இலை 11. ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் வேர்த்தது. பாதி இலை மடியில் விழுந்தது. "போதும்மா" என்றதற்கு இடது கையால் என்னைத் தள்ளிவிட்டு இன்னொன்று எடுத்தார். நேற்று காலை 140, சாயங்காலம் 120. மூன்றாவது வாரத்திலேயே எடுத்து வைப்பது சலித்துவிட்டது, அவராகவே ஓர் இலையைச் சுருட்டப் பார்த்தார். சுருளவில்லை. இலையை வலது பெருவிரலால் அழுத்திப் பிடித்து, இடது கையால் உருட்டுகிறார் இப்போது. இதுவரை ஒன்பது சுருட்டியிருக்கிறார், ஒன்றும் ஒழுங்காக இல்லை. ஒன்பதையும் நூல் கட்டி மாடத்தில் வைத்திருக்கிறார், யாரையும் தொட விடுவதில்லை.

சுகாதார நிலையத்தில் பதிந்தோம். பிசியோ ஒரு முறை வந்தார், தோளைப் பார்த்துவிட்டு நழுவல் அதிகமில்லை என்றார். தம்பி இப்போது துண்டு கட்டித்தான் தூக்குகிறான். கண்ணாடிப் பயிற்சி அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, தலை சுற்றுகிறது என்கிறார், விட்டுவிட்டோம்.

அம்மா மூன்று வருடத்துக்கு முன்பே பிபி மாத்திரையை நிறுத்தியிருந்தார். "நல்லாத்தானே இருக்கேன்" என்று. இப்போது காலையில் நான் எடுத்துக் கொடுத்து முழுங்கும்வரை நிற்கிறேன். நேற்று 134/82.

நடைவண்டி அண்ணா, ஒரு சந்தேகம். இலையைப் பிடிக்கும்போது வலது முழங்கை தானாக மடங்கித் தோள் மேலே ஏறுகிறது. அதைத் தடுக்க வேண்டுமா, அப்படியே விடலாமா?

நடைவண்டி:

விடாதீர்கள். கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, முழங்கை அதன் மேல் படிந்திருக்கும்படி உட்கார வையுங்கள். சுளகை மடியிலிருந்து எடுத்துக் கொஞ்சம் முன்னால், முக்காலியில் வையுங்கள், கை நீளும். தோள் ஏறத் தொடங்கினால் அம்மா களைத்துவிட்டார் என்று அர்த்தம், ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி. எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, தோள் இறங்கியபடி எடுத்த இலையை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

அந்த ஒன்பதையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள் தங்கச்சி.